டிவி வாங்கும்போது ரெசல்யூஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் அச்சாவது ரெசல்யூஷன்தான். ஆனால் அதைத் தனியாக வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள், என்ன பார்ப்பீர்கள் என்ற இரண்டும் தெரிந்தால்தான் அந்த எண்ணை வைத்து ஏதாவது சொல்ல முடியும். கீழே உள்ள பதில்களில் பாதி, சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

ரெசல்யூஷன் என்று எதைச் சொல்கிறார்கள்?

திரையில் இருக்கும் பிக்சல்களின், அதாவது படப்புள்ளிகளின் எண்ணிக்கையை. 1920×1080 என்றால் இடமிருந்து வலமாக 1920 புள்ளிகள், மேலிருந்து கீழாக 1080 வரிசைகள். பெருக்கினால் சுமார் 20.7 லட்சம். பெரும்பாலான டிவிகளில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னக் கீற்றுகள் உண்டு. திரையில் வெள்ளையாகத் தெரியும் ஓர் இடத்துக்கு மிக அருகில் செல்போன் கேமராவைக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பெரிதாக்கினால், அவை வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

பேனல் தயாராகும்போதே இந்த எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பிறகு எந்த சாஃப்ட்வேர் அப்டேட் வந்தாலும் ஒரு புள்ளிகூட அதிகமாகாது. அங்குல அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 43 அங்குல 4கே டிவியிலும் 75 அங்குல 4கே டிவியிலும் அதே 82.9 லட்சம் புள்ளிகள்தான். பெரிய திரையில் ஒவ்வொரு புள்ளியும் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

எச்டி ரெடி, ஃபுல் எச்டி, 4கே, 8கே: எது எவ்வளவு?

எச்டி 1280×720. ஃபுல் எச்டி 1920×1080. 4கே 3840×2160. 8கே 7680×4320. 720பி, 1080பி, 2160பி என்று எழுதுவதெல்லாம் மேலிருந்து கீழாக எண்ணிய வரிசைகள். சினிமா தியேட்டருக்கான 4கே கொஞ்சம் அகலம், 4096 புள்ளிகள். வீட்டு டிவிக்கு வருவது 3840. அல்ட்ரா எச்டி, யுஎச்டி என்று போட்டிருந்தாலும் டிவியைப் பொறுத்தவரை 4கேயும் அதுவும் ஒன்றுதான். வேறு ஏதோ உயர்ந்த ரகம் என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

எச்டி ரெடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது 2005இல் ஐரோப்பாவில் அறிமுகமான முத்திரை. குறைந்தது 720 வரிசைகள் இருக்க வேண்டும், எச்டி சிக்னலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். நடைமுறையில் அந்தப் பெயரில் விற்கும் டிவிகளில் பெரும்பாலும் இருப்பது 1366×768 பேனல். இது 720க்கும் பொருந்தாது, 1080க்கும் பொருந்தாது. எந்த எச்டி நிகழ்ச்சி வந்தாலும் ஒன்று நீட்ட வேண்டும், இல்லை சுருக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது மெல்லிய கோடுகளும் சின்ன எழுத்துகளும் லேசாக மங்கும். எனக்கு இந்த அளவு என்றைக்குமே பிடித்ததில்லை.

4கே என்றால் ஃபுல் எச்டியைவிட நாலு மடங்கு தெளிவா?

புள்ளிகள் நாலு மடங்கு. ஆனால் அகலத்தில் இரண்டு மடங்கு, உயரத்தில் இரண்டு மடங்கு என்று பிரிந்துதான் அந்த நாலு வருகிறது. கண் பார்ப்பது ஒரு கோட்டின் கூர்மையை என்பதால், மிக நல்ல சூழ்நிலையில்கூட இரண்டு மடங்கு நுணுக்கம் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். அந்த இரண்டு மடங்கும் தெரியுமா என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

நான் உட்காரும் தூரத்துக்கு எந்த ரெசல்யூஷன் வேண்டும்?

இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலானவர்கள் டிவியை வாங்கிச் சுவரில் மாட்டிய பிறகு கேட்கிறார்கள்.

குறையில்லாத பார்வை, கண்ணாடி போட்டுச் சரியான பார்வையும் சேர்த்துத்தான், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு நுணுக்கம் வரை பிரித்துப் பார்க்கும். அதைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். இன்றைய 16:9 திரைகளுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மனதில் வைத்துக்கொள்ள வசதியாக ஒரு வழி கிடைக்கிறது. திரையின் அங்குல அளவை 4ஆல் பெருக்குங்கள். வருவது சென்டிமீட்டரில் ஒரு தூரம். அதைத் தாண்டி உட்கார்ந்தால் ஃபுல் எச்டியின் புள்ளிகளே கண்ணுக்குப் பிரியாது. 4கே கூடுதலாகத் தரும் புள்ளிகள் கணக்கில் இருக்கும், கண்ணில் இருக்காது. அதே அங்குலத்தை 2ஆல் பெருக்கினால் 4கேயின் நுணுக்கம் முழுவதும் தெரியும் தூரம். 720க்கு 6ஆல் பெருக்க வேண்டும்.

43 அங்குலத்துக்கு இது 172 செ.மீ., 86 செ.மீ. என்று வரும். 55 அங்குலத்துக்கு 220, 110. 65 அங்குலத்துக்கு 260, 130. இப்போது உங்கள் நாற்காலியிலிருந்து அளந்து பாருங்கள். சுவரிலிருந்து சுவருக்கு அளக்காதீர்கள்; சாய்ந்து உட்கார்ந்த நிலையில் கண் இருக்கும் இடத்திலிருந்து திரை வரை. இரண்டரை மீட்டர் என்று வந்தால், 43 அங்குலத்தில் 4கேக்கும் ஃபுல் எச்டிக்கும் புள்ளி அளவில் வித்தியாசம் தெரியாது. 55இலும் ஏறக்குறைய அதே கதைதான். 65இல் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும், 75இல் நன்றாகவே தெரியும்.

ஃபுல் எச்டியை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்ததும் இதே தூரம்தான்: திரையின் உயரத்தைப் போல சுமார் மூன்று மடங்கு தள்ளி உட்கார்ந்து பார்ப்பது. 4கேக்கு அது ஒன்றரை மடங்கு. அதாவது 4கேயின் உண்மையான பயன், அதே நாற்காலியில் இருந்தபடி இன்னும் பெரிய திரையைப் புள்ளி தெரியாமல் பார்க்கலாம் என்பதுதான். இருக்கும் அளவிலேயே டிவியை வாங்கி, இருக்கும் தூரத்திலேயே உட்கார்ந்து, படம் பளிச்சென்று மாறிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இந்தக் கணக்கைக் கோடு கிழித்தாற்போல எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சிலருக்குப் பார்வை இதைவிடக் கூர்மை. முகத்தைவிட, ஸ்கோர் பலகையின் சிறு எழுத்திலும் சப்டைட்டில் ஓரத்திலும் வித்தியாசம் சீக்கிரம் தெரியும்.

அப்படியென்றால் 43 அங்குலத்தில் ஃபுல் எச்டியே வாங்கிவிடலாமா?

கணக்குப்படி வாங்கலாம். ஆனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காரணம் புள்ளிகள் இல்லை. 43 அங்குலத்திலிருந்து மேலே தயாரிப்பாளர்கள் நல்ல பேனல், நல்ல பிராசசர், எச்டிஆர் (ஒரே காட்சியில் இருட்டையும் வெளிச்சத்தையும் கெடாமல் காட்டும் முறை) எல்லாவற்றையும் 4கே மாடல்களில்தான் வைக்கிறார்கள். ஃபுல் எச்டி பெரும்பாலும் வரிசையின் அடித்தட்டு. அதனால் 4கே வாங்குங்கள், ஆனால் 4கே என்ற எண்ணுக்காக வாங்காதீர்கள்.

32 அங்குலத்துக்கு எச்டி ரெடி போதுமா?

இரண்டு மீட்டருக்கு அப்பால் படுக்கையிலிருந்து செய்தி பார்க்க, தாராளமாகப் போதும். கம்ப்யூட்டரோ கேம் கன்சோலோ இணைப்பதாக இருந்தால் ஃபுல் எச்டி தேடுங்கள்; இந்த அளவிலும் கிடைக்கிறது. 1366×768இல் கம்ப்யூட்டர் எழுத்தைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

1080ஐ (1080i), 1080பி (1080p) என்று இரண்டு இருக்கிறதே?

டிவி ஒளிபரப்பில் இன்னும் புழங்குகிற வேறுபாடு இது. 1080பியில் ஒவ்வொரு முறையும் 1080 வரிசைகளும் ஒன்றாக வரும். 1080ஐயில் முதலில் ஒற்றைப்படை வரிசைகள், அடுத்து இரட்டைப்படை வரிசைகள் என்று பாதி பாதியாக, ஒவ்வொன்றிலும் 540ஆக வரும். டிவி அவற்றைச் சேர்த்துத் தைத்துக் காட்டும். அசையாத காட்சியில் வித்தியாசம் தெரியாது. வேகமாக ஓடும் காட்சியில் டிவியின் பிராசசர் மட்டமாக இருந்தால், ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வரும். வாங்கும்போது இதற்காகத் தேட வேண்டியது ஒன்றுமில்லை; ஃபுல் எச்டியாக இருந்தாலும் 4கேயாக இருந்தாலும் இன்றைய டிவி இரண்டையும் வாங்கிக்கொள்ளும்.

புது 4கே டிவியில் பழைய சேனல்கள் முன்பைவிட மங்கலாகத் தெரிகின்றன. டிவி பழுதா?

பழுதில்லை. சாதாரண எஸ்டி சேனலின் ஒரு படத்தில் அதிகபட்சம் 720×576 புள்ளிகள், அதாவது சுமார் 4.15 லட்சம். 4கே திரைக்கு 82.9 லட்சம் வேண்டும். சரியாக இருபது மடங்கு. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு இருபது புள்ளியிலும் ஒன்றுக்கு உண்டான தகவல்தான் வெளியிலிருந்து வந்தது. மீதி பத்தொன்பது டிவி ஊகித்து நிரப்பியவை. பழைய டிவி சின்னதாக இருந்ததால் இந்தக் குறை மறைந்திருந்தது. இப்போது அதே படம் பெரிய திரையில் விரிந்து கிடக்கிறது.

இந்த ஊகிக்கும் வேலைக்கு அப்ஸ்கேலிங் என்று பெயர். ஃபுல் எச்டி படம் 4கே பேனலில் சுமாராகவாவது நன்றாக இருப்பதற்குக் காரணம், அங்கே ஒரு புள்ளிக்கு நாலு என்று கணக்கு சரியாக மடிவது; 720க்கும் ஒன்றுக்கு ஒன்பது என்று மடியும். ஆனாலும் பிராண்டுக்குப் பிராண்டு, ஒரே பிராண்டில் மாடலுக்கு மாடல் இதன் தரம் வேறுபடும். நீங்கள் பெரும்பாலும் பார்ப்பது சாதாரண சேனல்கள் என்றால், கடையில் காட்டும் மின்னும் டெமோவைப் பார்த்து எந்தப் பயனும் இல்லை. ஒரு எஸ்டி சேனலைப் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், ரெசல்யூஷனை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது: பிட்ரேட். ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்ற அளவு. 4கே ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது குறைந்தது 15 எம்பிபிஎஸ் (நொடிக்கு 15 மெகாபிட்) இணைய வேகம். 4கே புளூ-ரே டிஸ்க்கில் இது 128 எம்பிபிஎஸ் வரை போகலாம். இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் மழை, அலை, கூட்டம், பறக்கும் காகிதத் துண்டுகள் போன்ற காட்சிகளில், தகவல் போதாத படம் சதுரம் சதுரமாக உடையும். பிட்ரேட் குறைந்த 4கேயைவிட நல்ல ஃபுல் எச்டி புளூ-ரே பார்க்க நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. அருகருகே போட்டுப் பார்த்தவர்கள் பலரும் இதை ஒத்துக்கொள்வார்கள்.

4கே டிவி வாங்கினால் எல்லாம் 4கேயாக வந்துவிடுமா?

வராது. படம் தொடங்கும் இடத்திலிருந்து திரை வரை நடுவில் இருக்கும் ஒவ்வொன்றும் 4கேக்கு ஒத்துழைக்க வேண்டும். நிகழ்ச்சி 4கேயில் இருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் என்றால் நீங்கள் கட்டும் பிளானில் 4கே சேர்ந்திருக்க வேண்டும். பல சேவைகளில் அது மேல் அடுக்கு பிளானுக்கு மட்டும்தான். செட்டாப் பாக்ஸ் 4கே தர வேண்டும். திரைப்படங்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு: பல படங்களின் இறுதிப் பிரதியே 2கேயில், அதாவது ஏறக்குறைய ஃபுல் எச்டி அளவில் தயாராகி, 4கே வெளியீட்டுக்காகப் பெரிதாக்கப்பட்டவை. அவை மோசம் என்று சொல்லவில்லை. நிறமும் வெளிச்சமும் மேம்பட்டிருக்கும். நுணுக்கம் மட்டும் பெயரளவுக்கு.

எச்டிஎம்ஐயில் எதைப் பார்க்க வேண்டும்?

எச்டிஎம்ஐ என்பது செட்டாப் பாக்ஸ், கன்சோல் போன்றவற்றை டிவியோடு இணைக்கும் முறை. எச்டிஎம்ஐ 1.4 துளையில் 4கே நொடிக்கு 30 படங்களோடு நின்றுவிடும். 2.0இல் 60. 2.1இல் 120 வரை போகலாம். பல டிவிகளில் நாலு துளைகள் இருந்தாலும் ஒன்றிரண்டு மட்டுமே முழு வேகம் தரும். எது என்று துளைக்குப் பக்கத்திலேயே சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் பெட்டிகளின் 4கே படத்துக்கு எச்டிசிபி 2.2 என்ற காப்புரிமைப் பாதுகாப்பு முறையும் பெரும்பாலும் தேவை. அது இல்லாத பழைய ஆம்ப்ளிஃபயரை நடுவில் செருகினால், டிவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படம் ஃபுல் எச்டிக்கு இறங்கிவிடும், இல்லையென்றால் வராமலே போகும்.

கேபிளுக்குப் பெரிய செலவு வேண்டாம். 4கே 60க்கு பிரீமியம் ஹை ஸ்பீட், 4கே 120க்கு அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்று இருந்தால் போதும். தங்க முலாம் பூசியதால் படம் கூடுதல் அழகாகும் என்பதெல்லாம் கதை.

பெட்டியில் 4கே சப்போர்ட் என்றிருக்கிறது, ஆனால் விலை மிகக் குறைவு. நம்பலாமா?

"சப்போர்ட்" என்ற சொல்லைப் பார்த்தாலே நின்று படியுங்கள். 4கே சிக்னலை வாங்கி, சுருக்கி, ஃபுல் எச்டி பேனலிலோ அதைவிடக் குறைந்த பேனலிலோ காட்டுவதையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கிவிடுவார்கள். புரொஜெக்டர்களில் இது ரொம்பச் சகஜம். விவரப் பட்டியலில் பேனல் ரெசல்யூஷன் அல்லது நேட்டிவ் ரெசல்யூஷன் என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 3840×2160 என்று இருந்தால்தான் அது 4கே. அந்த வரியே இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

ரெசல்யூஷனா, எச்டிஆரா: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

எச்டிஆருக்கு. நன்றாகச் செய்த எச்டிஆரை அறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். தூரக் கணக்கு அதற்குக் கிடையாது. இருட்டுக்குள் இருக்கும் முகமும், பின்னால் ஜன்னல் வழியே தெரியும் வானமும் ஒரே காட்சியில் இரண்டும் கெடாமல் வரும். ஆனால் "எச்டிஆர் உண்டு" என்ற முத்திரை மட்டும் போதாது. வெளிச்சம் குறைந்த மலிவுப் பேனல் எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொண்டு, படத்தை முன்பைவிட இருட்டாகக் காட்டுவதும் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி, அல்லது திரைக்குப் பின்னால் பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்சிடி, இவற்றில்தான் எச்டிஆர் எச்டிஆராக இருக்கும்.

கடையில் பார்த்த படம் வீட்டில் வரவில்லையே?

கடையில் ஓடுவது அதற்கென்றே எடுத்த, பிட்ரேட் அதிகமான, மெதுவாக நகரும் காட்சிகள். அதோடு டிவி ஸ்டோர் மோடில், வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். வீட்டில் மெனுவுக்குப் போய் ஹோம் மோட் வையுங்கள். பிக்சர் மோடை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்று மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும், கண் பழகிவிடும்.

அப்புறம் ஷார்ப்னஸ். அதைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று நினைத்துப் பலர் கடைசி வரை தள்ளிவைப்பார்கள். அது புதிதாக எந்த நுணுக்கத்தையும் கொண்டுவராது. பொருள்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு வரைந்து கூர்மை போலக் காட்டும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வரும் இடத்தில் நிறுத்தி, எழுத்தைச் சுற்றிப் பேய் நிழல் மாதிரி ஒரு விளிம்பு மறையும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று ஓவர்ஸ்கேன். குழாய் டிவி காலத்துப் பழக்கம்: படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மீதியைப் பெரிதாக்கிக் காட்டுவது. சில டிவிகளில் இன்றும் இது தானாகவே ஆன் ஆகியிருக்கும். சேனல் லோகோ திரை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், 1:1 என்று ஏதாவது ஒரு பெயரில் மெனுவில் இருக்கும். அதைப் போட்டால்தான் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்று படம் உட்காரும்.

கம்ப்யூட்டர் மானிட்டராகப் பயன்படுத்த?

இங்கேதான் 4கே முழுச் சம்பளத்துக்கு உழைக்கும், ஏனென்றால் நீங்கள் ஒரு மீட்டருக்குள் உட்காருகிறீர்கள். 4:4:4 நிறம், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறத் தகவல், காட்டக்கூடிய டிவியா என்று பாருங்கள். சினிமாவும் ஸ்ட்ரீமிங்கும் 4:2:0 என்ற முறையில், நாலு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல் என்று சுருக்கி வரும். முகங்களில் அது தெரியாது, ஆனால் சிவப்புப் பின்னணியில் நீல எழுத்து என்றால் பிசிறடிக்கும். சில மலிவு 4கே பேனல்களில் வெள்ளைக் கீற்றையும் சேர்த்து, நிறக் கீற்றுகளைக் குறைத்திருப்பார்கள். அவற்றிலும் எழுத்து சுத்தமாக வராது.

விளையாட்டும் கேமும்தான் அதிகம் என்றால்?

ரெசல்யூஷனைவிட ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைப் பாருங்கள். பந்து ஓடும்போது எல்சிடி, ஓஎல்இடி இரண்டிலும் கண்ணுக்கு ஒரு மங்கல் வரும். அந்த நேரத்தில் 4கேயின் நுணுக்கம் பாதி கரைந்துவிடுகிறது. உண்மையான 120 ஹெர்ட்ஸ் பேனல் அதைக் குறைக்கும். மோஷன் ரேட், மோஷன் இண்டெக்ஸ் என்று பெரிய எண் போட்டிருந்தால் அது விளம்பர எண். நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று கேளுங்கள்.

எதிர்காலத்துக்காக 8கே வாங்கிவைக்கலாமா?

வேண்டாம். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 2018 டிசம்பரில் 8கே சேனலைத் தொடங்கியது. அதற்குப் பிறகும் வீட்டில் பார்க்க 8கேயில் கிடைப்பது மிகக் குறைவு. 65 அங்குலத்தில் 8கேயின் நுணுக்கம் முழுவதும் தெரிய 65 செ.மீ. தூரத்தில் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்தால் திரையின் இரு ஓரங்களையும் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டிவரும்.

வந்த டிவி உண்மையில் 4கேதானா என்று சோதிப்பது எப்படி?

லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் இணையுங்கள். டிஸ்பிளே செட்டிங்கில் 3840×2160 வைத்து, ஸ்கேலிங்கை 100 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். எச்டிஎம்ஐ துளைக்கு என்ஹான்ஸ்டு என்பது போன்ற ஒரு செட்டிங் டிவி மெனுவில் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். பல டிவிகளில் அது ஆஃப் ஆகத்தான் வரும். பிறகு பெயின்ட் மாதிரி ஒரு மென்பொருளில் ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாறி மாறி நெடுக்குக் கோடுகள் வரைந்து, பெரிதாக்காமல் திரை முழுக்கக் காட்டி, பக்கத்தில் போய்ப் பாருங்கள். கோடுகள் தனித்தனியாக நின்றால் பேனல் 4கே. சாம்பல் நிறமாகக் குழைந்தால், முதலில் ஷார்ப்னஸையும் ஓவர்ஸ்கேனையும் சரிபாருங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். யுஎஸ்பியில் போட்டோவாகப் போட்டு இதைச் சோதிக்காதீர்கள். பல ஸ்மார்ட் டிவிகள் மெனுவையும் போட்டோ செயலியையும் ஃபுல் எச்டியில்தான் வரைகின்றன, அதனால் நல்ல 4கே பேனலும் தோற்றுவிடும்.